பத்துச் சதமும் ஒரு பந்தியும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



எழுபதுகளில் இங்கே படித்தவர்களின் சார்பில் சில வார்த்தைகள் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். என்ன பேசலாம் என்று வகுப்புத் தோழியர் பலரும் தொலைபேசியில் கதைத்தோம். ஒருவர் லண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், இருவர் கொழும்பில், மற்றவர்கள் வேலணையிலும் புங்குடுதீவிலும் நயினாதீவிலும் இருக்கிறோம். ஆசிரியைமாரைப் பற்றித் தொடங்கினாலும், விளையாட்டுப் போட்டியைப் பற்றித் தொடங்கினாலும் கதை கடைசியில் சாப்பாட்டில்தான் போய் நின்றது. எந்தப் பாடத்துக்கு எத்தனை புள்ளி எடுத்தோம் என்பது மறந்துபோயிற்று. யார் எந்த நாளில் என்ன கட்டிக்கொண்டு வந்தார் என்பது மறக்கவில்லை. ஆகவே, கையில் காசில்லாத வயதில் நாங்கள் சாப்பிட்டதையும் சாப்பிட ஆசைப்பட்டதையும் பற்றிச் சொல்லிவிட்டு, அதிலிருந்து சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளையும் வைக்கிறோம்.

முதலில் இன்பத்தைச் சொல்லுவோம்.

எங்கள் செல்வம் பத்துச் சதம். விளிம்பில் வளைவு வளைவாக இருக்கும் அந்தக் குற்றி எல்லோரிடமும் எல்லா நாளும் இருக்காது. வாரத்தில் இரண்டு நாள் இருந்தால் அவள் பணக்காரி. படலைக்கு வெளியே ஓர் ஆச்சி கடகத்தோடு வந்து இருப்பார். கச்சான், அவித்த கடலை, புழுக்கொடியல், காலத்துக்கு ஏற்ப நாவற்பழம், இலந்தைப்பழம், உப்பும் தூளும் பிரட்டிய மாங்காய்க் கீறு எல்லாம் அந்தக் கடகத்தில் இருக்கும். பத்துச் சதத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம். எதை வாங்குவது என்று முதலாம் பாடத்திலேயே யோசிக்கத் தொடங்கிவிடுவோம். கணக்குப் பாடத்தில் வராத கூர்மை அப்போது வந்துவிடும். ஐந்து பேர் சேர்ந்து ஐந்து வகை வாங்கிப் பங்கிட்டால் ஒவ்வொருவருக்கும் ஐந்து ருசி கிடைக்கும் என்று கண்டுபிடித்தோம். மாங்காயைச் சட்டைத் தலைப்பில் சுற்றிக் காக்காய்க் கடி கடித்தோம். கூட்டுறவின் முதல் பாடம் எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது.

காசே இல்லாதவளுக்குப் பனை இருந்தது. வெயில் காலத்தில் நுங்கு. ஆவணியில் பனம்பழம். அதைச் சுட்டுச் சூப்பி, விரலெல்லாம் மஞ்சளாக வந்து அகப்பட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. மாவோடு பிசைந்து பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். கொட்டையைப் புதைத்து வைத்தால் மார்கழி, தையில் கிழங்கு. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். ஒரே மரம் வருடம் முழுவதும் தீனி தந்தது. பனாட்டுத் துண்டொன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இரண்டு பாடத்தைக் கடத்தலாம். ஆசிரியை கேள்வி கேட்டால்தான் கஷ்டம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒடியல் கூழ். மாவை ஊறவைத்துக் கசப்புத் தண்ணீரை வடித்து, கிடைத்த மீன், நண்டு, இறால், மரவள்ளி, பயற்றங்காய், முருங்கையிலை எல்லாம் போட்டு, செத்தல் மிளகாயை அரைத்துக் கரைத்து, புளி விட்டு இறக்குவார்கள். பனையோலையில் பிளா கோலிக் குடிப்போம். பெரிய மீன் வாங்க வழியில்லாத வீட்டுக் கூழ்தான் திறமாக இருக்கும், ஏனென்றால் சின்ன மீனும் நண்டுக்காலும் அதில்தான் அதிகம். கூழுக்கு இன்னொரு குணமும் உண்டு. பானை அடுப்பில் இருக்கும்போது நாலு பேர் கூட வந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீரும் ஒரு பிடி மாவும் போதும். யாரையும் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

நெடுந்தீவிலிருந்து வந்து தங்கிப் படித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பும் திங்கட்கிழமைகள் எங்களுக்குத் திருவிழா. குமுதினிப் படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி வருவார்கள். உமலுக்குள் ஒடியலும் கருவாடும், போத்தலில் நெய்யும் இருக்கும். மாடு நிறைந்த தீவல்லவா! அந்த நெய்யில் ஒரு துளி சூடான பிட்டில் விட்டால் வகுப்பே மணக்கும். அந்தப் படகில் 1985 மே 15 அன்று நடந்ததை இங்கே இருக்கும் யாருக்கும் நாங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் படகு எங்களுக்கு முதலில் நெய் மணத்தோடுதான் அறிமுகமானது என்பதையும் இந்த மலரில் பதிந்து வைக்க விரும்புகிறோம்.

இனி மற்றப் பக்கத்தைச் சொல்லுவோம். ஐம்பது வருடம் கழித்துப் பார்க்கும்போது எல்லாம் இனிப்பாகத்தான் தெரியும். அப்படி விட்டுவிட்டால் இன்றைய பிள்ளைகளுக்கு நாங்கள் பொய் சொன்னதாகிவிடும்.

எங்கள் தாய்மார் காலத்தில் பாடசாலையில் மதியத்தில் பணிஸ் கொடுத்தார்களாம். 1953இல் அரசாங்கம் பங்கீட்டு அரிசியின் விலையை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியது. பாடசாலை இலவச மதிய உணவையும் நிறுத்தியது. அவ்வருடம் ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பின்னர் பதவி விலகினார். வரலாற்றுப் பாடத்தில் இதை அரிசி விலையின் கதையாகவே படித்தோம். எங்கள் அம்மாமார் சொன்னபோதுதான், நின்றுபோன பணிசும் அந்தக் கதையில் இருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் காலம் கூப்பன் காலம். அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் சங்கக் கடையில் வரிசை. வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் வேலை. அதனால் முதல் பாடம் தவறிப்போகும். எழுபதுகளின் நடுப்பகுதியில், வாரத்தில் இரண்டு நாள் சாப்பாட்டுக் கடைகளில் சோறு விற்கக்கூடாது என்றுகூட அரசாங்கம் கட்டளை போட்டது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோவதற்கும் தடை இருந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராததால் வலிகாமத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தார்கள் என்பதும் உண்மை. எங்கள் தீவுகளில் மண்ணும் தண்ணீரும் அந்த அளவுக்கு ஒத்துழைக்கவில்லை.

தீவு ஆண்கள் பலர் கொழும்பிலும் தென்னிலங்கையின் பட்டணங்களிலும் கடை வைத்திருந்தார்கள், அல்லது கடையில் நின்றார்கள். அவற்றில் எத்தனையோ சாப்பாட்டுக் கடைகள். எங்கள் தகப்பன்மார் ஊரெல்லாம் தோசையும் வடையும் விற்க, அவர்களுடைய பிள்ளைகள் இங்கே மணியோடர் வரும் நாளைப் பார்த்துக்கொண்டு கஞ்சி குடித்தோம். கடைக்காரர் வருடத்தில் இரண்டு முறை வரும்போது ஒரு பெட்டி விசுக்கோத்து வரும். 1958இலும் 1977இலும் 1983இலும் அந்தக் கடைகள் எரிந்தன. கடை எரிந்தால் அடுத்த மாதம் இங்கே அடுப்பு எரியாது. 77 கலவரத்துக்குப் பிறகு எங்கள் வகுப்பில் சில வாங்குகள் வெறுமையாகிவிட்டன. அவர்கள் படிப்பில் குறைந்தவர்கள் அல்லர்.

வீட்டுக்குள்ளும் ஒரு பங்கீடு இருந்தது. மீனின் நடுத்துண்டு ஐயாவுக்கும் அண்ணாவுக்கும். வால் எங்களுக்கு. தலை அம்மாவுக்கு. தலைதான் தனக்கு விருப்பம் என்று அம்மா சொல்லுவார். நாங்களும் அதை நம்பினோம். பிறகு நாங்கள் தாயான போதுதான் அந்த விருப்பம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கியது. முட்டையும் அப்படித்தான். ஒரு பெண்பிள்ளைக்கு முட்டை தாராளமாகக் கிடைத்த காலம் ஒன்றே ஒன்று. அவள் பெரியபிள்ளையான பிறகு வரும் நாட்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், உழுத்தம்மாக் களியும், கத்தரிக்காய்ப் பொரியலும் என்று ஒரே உபசாரம். அதுவரை கண்டுகொள்ளாத மாமிமாரெல்லாம் முட்டையோடு வருவார்கள். சடங்கு முடிந்து கொஞ்ச நாளில் ராசாத்தி மறுபடியும் வால்துண்டுக்கு இறங்கிவிடுவாள்.

உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தவர்களின் பாடு இன்னொரு வகை. அவர்கள் அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். என்றாலும், "இன்னும் கொஞ்சம் போடட்டோ பிள்ளை?" என்று கேட்டால், "போதும் மாமி" என்று சொல்ல வேண்டும். வயிறு வேறு சொன்னாலும் வாய் அப்படித்தான் சொல்ல வேண்டும். அந்தப் "போதும்" எங்களில் பலருக்கு இன்றைக்கும் போகவில்லை. பிள்ளைகளின் வீட்டில் சாப்பிட இருந்தாலும் முதலில் அதுதான் வாயில் வருகிறது.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தசஷ்டிக்குச் சைவப் பிள்ளைகளும் தவக்காலத்தில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் விரதம் இருந்தோம். அதில் ஒரு பெருமையும் இருந்தது. ஆனால் வகுப்பில் ஒருத்தி வருடத்தில் எந்த மாதத்திலும், எந்தக் கிழமையிலும், "இன்றைக்கு நான் விரதம்" என்று சொல்லுவாள். எந்தச் சாமிக்கு என்று நாங்கள் கேட்டதில்லை. விரதம் என்பது வீட்டில் அரிசி இருக்கிறவர் இருப்பது. இல்லாதவர் இருப்பதற்கு அந்தப் பெயரை இரவல் வாங்க வேண்டியிருந்தது.

அன்பான சகோதரிகளே, பசி ஒரு பக்கம். அதைவிடப் பெரிய துன்பம் அதை மறைப்பது. இடைவேளை மணி அடித்ததும் கிணற்றடிக்குப் போய்க் கைகழுவுவதுபோல் நெடுநேரம் நிற்பது, நூலகத்தில் வேலை இருக்கிறது என்பது, தலையிடி என்பது, வெறும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோவது. இதையெல்லாம் செய்தவர்கள் இன்றும் இந்தச் சபையில் இருக்கிறோம். எங்கள் பேச்சு இவ்வளவு நாளும் இதைத் தொடவில்லை. கூழையும் பனாட்டையும் பற்றிச் சிரித்துக்கொண்டே இதைத் தாண்டிவிடுவோம்.

எங்களுக்குப் பின் வந்தவர்களின் கதை இதைவிடக் கடுமை. 1990 ஓகஸ்டில் தீவுப்பகுதி படையினர் வசமானது. பெரும்பாலான குடும்பங்கள் குடாநாட்டுக்கும் வன்னிக்கும் அதற்கப்பாலும் சிதறின. நிவாரண அட்டைக்கு மாவும் பருப்பும் கிடைத்தால் சாப்பாடு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தே பரீட்சைக்குப் படித்த தங்கைமார் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் எழுத வேண்டியதை நாங்கள் எழுதக்கூடாது. அடுத்த மலரில் எழுதுங்கள்.

வெளிநாடு போனவர்களும் அங்கே முதலில் கணக்குப் பார்த்தே சாப்பிட்டோம். ஒரு அறைக்குள் நாலைந்து பேர், வாரச் சம்பளத்தில் வாடகை போக, ஊருக்கு அனுப்புவது போக, மிச்சத்துக்குப் பாணும் பருப்பும். இன்று ஸ்காபரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் தமிழ்க் கடைகளில் ஒடியல் மாவும் குளிரூட்டிய பனங்கிழங்கும் கிடைக்கின்றன. ஆச்சியின் கடகத்தில் பத்துச் சதம் கொடுத்து வாங்க யோசித்த சாமானுக்கு நாங்கள் பவுணிலும் டொலரிலும் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு, ருசி அப்படி இல்லை என்றும் குறை சொல்லுகிறோம்.

இனி வேண்டுகோளுக்கு வருகிறோம்.

2022இல் நாடு கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றது உங்களுக்குத் தெரியும். அவ்வருடம் செப்ரெம்பரில் கொழும்பில் உணவுப் பொருள்களின் விலை ஒரு வருடத்துக்குமுன் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட இருமடங்காக இருந்தது. அதன்பின் விலை ஏறும் வேகம் தணிந்தது. ஏறிய விலை இறங்கிப் பழைய இடத்துக்கு வரவில்லை. தீவுகளுக்கு வரும் சாமானுக்குப் படகுக் கூலியும் சேரும். கடலுக்குப் போகாத நாளில் வருமானம் இல்லாத வீடுகள் இங்கே எத்தனையோ உண்டு. காலையில் வெறும் தேத்தண்ணியோடு வரும் பிள்ளைகள் பிரார்த்தனை நேரத்தில் மயங்கி விழுவதை ஆசிரியைமார் எங்களிடம் சொன்னார்கள். அரசாங்கத்தின் பாடசாலை உணவுத் திட்டம் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளை மனதில் கொண்டது. பதின்மூன்று, பதினாறு வயதுப் பெண்பிள்ளைக்குத்தான் இரத்தத்துக்கும் எலும்புக்கும் சாப்பாடு மிகவும் தேவை. அவளுக்குத்தான் பசிக்கிறது என்று சொல்ல வெட்கமும் அதிகம்.

தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பாடசாலைகளில் மதிய உணவு தொடங்கினார்கள். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்ரெம்பர் 15இல் மதுரையில் ஆரம்பப் பாடசாலைகளுக்குக் காலை உணவும் தொடங்கியது. காலையில் வயிற்றில் ஒன்றுமில்லாத பிள்ளைக்கு மதியம் வரை படிப்பு ஏறாது என்பதை ஒரு பெரிய மாநிலமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எங்களால் மாநிலம் நடத்த முடியாது. ஒரு பானை கஞ்சி காய்ச்ச முடியும்.

இலைக்கஞ்சியைச் சொல்லுகிறோம். சிவப்பரிசி, முருங்கையிலை அல்லது வல்லாரை, தேங்காய்ப்பால், உப்பு, கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு பிள்ளைக்கு 30 கிராம் அரிசி என்று வைத்தால், 200 பிள்ளைக்கு நாளுக்கு 6 கிலோ. வருடத்தில் 200 பாடசாலை நாள் என்றால் 1,200 கிலோ. பத்துப் பிள்ளைக்கு ஒரு தேங்காய். முருங்கையைப் பாடசாலை வேலியிலேயே நட்டுக்கொள்ளலாம். கணக்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறோம். இன்றைய விலையைப் போட்டுப் பார்த்தால், நுழைவாயிலில் கட்ட நினைத்திருக்கும் நினைவு வளைவின் செலவில் சில வருடம் கஞ்சி காய்ச்சலாம் என்பது தெரியும். வளைவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வளைவு பொறுக்கும். காலைப் பசி பொறுக்காது.

இதற்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறோம். முதலாவது, கஞ்சி எல்லாப் பிள்ளைகளுக்கும். வறிய பிள்ளைகளின் பட்டியல் ஒன்று எடுக்கவே கூடாது. பட்டியல் எடுத்தால், முதலில் பெயர் கொடுக்காமல் விடுகிறவள் அந்த விரதக்காரிதான். இரண்டாவது, காய்ச்சும் தாய்க்கு ஒழுங்கான சம்பளம் கொடுக்க வேண்டும். ஊருக்குத் தொண்டு என்று சொல்லி ஒரு பெண்ணின் விடியற்காலையை இலவசமாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. மூன்றாவது, கிண்ணம் ஏந்தி நிற்கும் பிள்ளைகளின் படத்தை யாரும் எடுத்து முகநூலில் போடக்கூடாது. காசு அனுப்பியவர்களுக்குக் கணக்கு அனுப்புவோம், பிள்ளைகளின் முகத்தை அனுப்ப மாட்டோம்.

எல்லோருக்கும் கொடுப்பதென்றால், வசதியுள்ள பிள்ளைக்கும் ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு எங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு நாங்கள் எல்லோரும் போயிருக்கிறோம். அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் பந்தி போடும்போது, உன் வீட்டில் அரிசி இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காரில் குறிகட்டுவானுக்கு வந்து இறங்கியவரும் கடனுக்குப் படகு ஏறியவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து அதே சோற்றையும் சாம்பாரையும் சாப்பிடுவார்கள். எங்கள் வகுப்பில் யாருக்குப் பசி என்று யாருக்கும் தெரியாமல் வயிறு நிறையச் சாப்பிட்ட இடம் அது ஒன்றுதான். அங்கே யாரும் "போதும் மாமி" என்று பொய் சொன்னதில்லை.

மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று ஊரவர் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். அந்தப் பாத்திரம் அவளுக்கு முன் ஆபுத்திரன் கையில் இருந்தது. கப்பல் அவனை ஆளில்லாத அந்தத் தீவில் விட்டுப் போய்விட்டது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருந்தும், பகிர ஆளில்லாமல் தான் மட்டும் உண்ண அவனுக்கு மனம் வரவில்லை. கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விட்டுவிட்டு, உண்ணாமலே உயிர் விட்டான். கதைதான். ஆனால் நூற்றாண்டு நிதி என்ற பாத்திரம் இப்போது எங்கள் கையில் இருக்கிறது. ஆபுத்திரனுக்கு இல்லாத வசதி எங்களுக்கு உண்டு. சுற்றிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நாளை காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம். இந்தப் பிரேரணை நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக இருக்கிறது. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது, படகுக்கு நேரமாகிவிட்டது என்று மூன்றாவதோடு எழுந்து போய்விடாமல், இருந்து கை உயர்த்திவிட்டுப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.